சோழி, படிகக்கல், சவப்பெட்டி ஆணி: ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ஈமத் தொல்லியலைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

அட்லாண்டிக் கடலைத் தாண்டி அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறக்குறைய ஒன்றேகால் கோடிப் பேர். அவர்கள் எதைக் கும்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள், இறந்தவர்களை எப்படி வழியனுப்பினார்கள் என்று அவர்களே எழுதிவைத்தது மிகக் குறைவு. எழுதியவர்கள் பெரும்பாலும் தோட்ட முதலாளிகளும் பாதிரியார்களும் அதிகாரிகளும். அவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் மூடநம்பிக்கை, இல்லாவிட்டால் கலகத்துக்கான சதி. அதனால்தான் மண்ணுக்கடியில் கிடைக்கும் ஒரு பாசிமணிக்கும் ஒரு குண்டூசிக்கும் ஈமத் தொல்லியலில், அதாவது புதைகுழிகளையும் சாவுச் சடங்குகளையும் ஆராயும் துறையில், இவ்வளவு மரியாதை.

தொல்லியல் மாணவர்களுக்கும், வரலாற்றில் ஆர்வம் உள்ள மற்றவர்களுக்கும் இந்த வழிகாட்டி. அமெரிக்காவுக்கோ கரீபியத் தீவுகளுக்கோ போக வேண்டும் என்றில்லை. முக்கியமான தரவுகளில் கணிசமான பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, அவசரப்படாமல் உட்காரப் பொறுமையும் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கியூபா, பிரேசில், ஜமைக்கா, வர்ஜீனியா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் மனதில் தங்காது. நான் பரிந்துரைப்பது நியூயார்க்கின் ஆப்பிரிக்கர் இடுகாடு. அறிக்கைகள் முழுமையானவை, அவற்றைச் சுற்றி நடந்த சண்டைகளும் பதிவாகியிருக்கின்றன.

கதை இதுதான். மன்ஹாட்டனின் தென்பகுதியில், பிராட்வே தெருவில், மத்திய அரசு ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் கட்டத் திட்டமிட்டது. 1750களின் நகர வரைபடத்திலேயே அந்த இடத்தில் கறுப்பர் இடுகாடு என்று குறித்திருந்தது. பிற்காலக் கட்டடங்களின் அடித்தளங்கள் கல்லறைகளை அழித்திருக்கும் என்று கட்டுமானத்துக்கு முந்தைய ஆய்வு கருதியது. ஆனால் பழைய பள்ளத்தாக்கை மேடாக்கக் கொட்டிய பல அடி ஆழ மண் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தது. 1991இல் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வரிசையாக வெளிவந்தன. நகரத்துக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1992இல் தோண்டுவது நின்றது. அதற்குள் 419 பேரின் எச்சங்கள் வெளியே வந்துவிட்டன. 1794 வரை பயன்பாட்டில் இருந்த அந்த இடுகாட்டில் மொத்தம் 10,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஆராய்ச்சிப் பொறுப்பு பிறகு வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மைக்கேல் பிளேக்கி தலைமையேற்றார். 2003 அக்டோபரில் எல்லோரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது. வரலாறு, தொல்லியல், எலும்பியல் என்று தனித்தனித் தொகுதிகளாக அறிக்கை வந்திருக்கிறது. முதலில் தொல்லியல் தொகுதியை எடுங்கள்.

படி 2: அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் நேரே 'கண்டெடுத்த பொருட்கள்' பட்டியலுக்குப் போய்விடுவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு புதைகுழிக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின் கீழ் முதலில் பார்க்க வேண்டியது உடல் கிடந்த விதம்: மல்லாந்தா, ஒருக்களித்தா, குப்புறவா? தலை எந்தத் திசையில்? சவப்பெட்டி இருந்ததா? பெட்டியின் மரம் மக்கிப்போயிருக்கும், ஆனால் துருப்பிடித்த ஆணிகளின் வரிசையும் மண்ணின் நிறமாற்றமும் பெட்டியின் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் குண்டூசி. தலையோட்டில் பச்சைக் கறை இருந்தால் அங்கே செம்பு கலந்த ஊசி இருந்திருக்கிறது, அதாவது உடலைத் துணியால் சுற்றியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் பெரும்பாலானவர்களைச் சவப்பெட்டியில், மல்லாந்த நிலையில், தலை மேற்கே இருக்க அடக்கம் செய்திருந்தார்கள். மணி, சோழி போன்றவை கிடைத்த குழிகள் கொஞ்சம்தான். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நான்கு பொருட்களை வைத்து 419 பேரின் நம்பிக்கையையும் எடைபோட முடியாது. எதுவும் கிடைக்காத குழியும் ஒரு செய்திதான்: ஒருவேளை வறுமை, ஒருவேளை துணியும் மரமுமாக இருந்து மக்கிப்போன பொருட்கள், ஒருவேளை எதையும் வைக்காத வழக்கம்.

தலை மேற்கே என்பதையும் கவனியுங்கள். இறந்தவர் எழுந்தால் முகம் கிழக்கே பார்க்கும். இது ஆப்பிரிக்க வழக்கமா? ஆங்கிலேயக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் புதைத்தார்கள். ஆகவே திசையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

படி 3: எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள்?

'ஆப்பிரிக்க நம்பிக்கை' என்று ஒரே நம்பிக்கை கிடையாது. செனகல் கரையிலிருந்து வந்த முஸ்லிமுக்கும், கொங்கோவில் ஏற்கெனவே கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவருக்கும், இன்றைய கானாவின் அக்கான் மொழிக்காரருக்கும், இன்றைய நைஜீரியாவின் இக்போக்களுக்கும் சாவு பற்றிய எண்ணம் ஒன்றாக இருக்காது.

அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல்களின் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. 36,000 பயணங்கள் வரை அதில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொண்ட ஊர், காலம் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். தென் கரோலினாவுக்கு வந்தவர்களில் கொங்கோ-அங்கோலாக் கரையினர் மிகுதி. வர்ஜீனியாவில் இக்போக்களின் பங்கு பெரிது. ஜமைக்காவிலும் பார்படாஸிலும் கானாக் கரையினர் கணிசம். நியூயார்க்குக்கு மடகாஸ்கரிலிருந்துகூட ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இது தெரியாமல் வர்ஜீனியாவில் கிடைத்த பொருளுக்குக் கொங்கோ விளக்கம் கொடுத்தால், எவ்வளவு அழகான விளக்கமாக இருந்தாலும் நிற்காது.

ஆப்பிரிக்கப் பக்கத்தைப் படிக்கும்போது காலத்தையும் பொருத்திப் பாருங்கள். 1920களில் ஒரு மானிடவியலாளர் எழுதியதை 1720இல் புதைத்த ஒருவர்மேல் அப்படியே போர்த்தக்கூடாது, ஆப்பிரிக்காவிலும் அந்த இருநூறு வருடங்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கின்றன. முடிந்தால் அந்தக் கால ஆப்பிரிக்க அகழாய்வையே தேடுங்கள். கானாவின் எல்மினாவில் கிறிஸ்டோபர் டிகோர்ஸ் தோண்டியபோது வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறந்தவர்களைப் புதைத்திருந்தது தெரிந்தது. ஜமைக்காவின் செவில் தோட்டத்தில் டக்ளஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடியிருப்பைத் தோண்டியபோது, பொது இடுகாட்டில் இல்லாமல் வீட்டு முற்றத்திலேயே சிலரைப் புதைத்திருந்தது தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

படி 4: பொருளைப் பார்ப்பதற்கு முன் அது கிடந்த இடத்தைப் பாருங்கள்

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பார்படாஸின் நியூட்டன் கரும்புத் தோட்டம். 1970களின் தொடக்கத்தில் ஜெரோம் ஹாண்ட்லரும் ஃபிரெடரிக் லாங்கும் அங்கே அடிமைகளின் இடுகாட்டைத் தோண்டினார்கள். 72ஆம் எண் புதைகுழியில் வயதான ஓர் ஆண். கழுத்தணியில் சோழிகள், மீன் முள்ளெலும்புகள், நாய்ப் பற்கள், ஐரோப்பியக் கண்ணாடி மணிகள், ஒரே ஒரு பெரிய சூதுபவள மணி (செந்நிறக் கல்மணி). கூடவே உலோக வளையங்கள், ஒரு கத்தி, மேற்கு ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்த குட்டையான மண் சுங்கான் (புகைக்குழாய்).

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒன்றும் சொல்லாது. நாய்ப் பல் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், கண்ணாடி மணி கடையில் கிடைக்கும். ஆனால் இவ்வளவும் ஒரே மனிதரின் உடம்பில் சேர்ந்திருப்பதும், அதே இடுகாட்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லாததும் வேறு கதை. அவர் வைத்தியராகவோ குறிசொல்பவராகவோ இருந்திருக்கலாம், சுற்றியிருந்தவர்கள் அவரை மதித்து அந்தப் பொருட்களோடேயே அனுப்பியிருக்கலாம் என்று ஹாண்ட்லர் சொல்வது அதனால்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே இன்னொரு விஷயம் உண்டு. அந்தச் சூதுபவளம் இந்தியாவில் செய்தது, பெரும்பாலும் குஜராத்தின் கம்பாத் பகுதியில். மேற்கு ஆப்பிரிக்காவில் புழங்கிய சோழிகளில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுத்தவை. இலங்கையிலும் வங்காளத்திலும் ஐரோப்பிய வணிகர்கள் அவற்றை மூட்டை மூட்டையாக வாங்கி, ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் அனுப்பி, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். நம் பக்கத்துக் கடலில் எடுத்த பொருள் ஒரு மனிதரின் விலையாகவும் இன்னொருவரின் கழுத்தில் காப்பாகவும் ஆனது. சோழி என்றவுடன் 'சடங்கு' என்று எழுதத் தோன்றும்போது, அது பணமாகவும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

அதே நியூட்டனில் 9ஆம் எண் குழியும் படிக்க வேண்டியது. ஓர் இளம்பெண், சவப்பெட்டி இல்லாமல், குப்புறப் புதைக்கப்பட்டிருந்தார். அவர் எலும்பில் ஈயத்தின் அளவு மிக அதிகம். ஈயம் கலந்த பாத்திரங்களில் காய்ச்சிய ரம் வழியாக அது உடம்பில் ஏறியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் சூனியக்காரர் என்று அஞ்சப்பட்டவர்களைக் குப்புறப் புதைக்கும் வழக்கம் இருந்ததைக் காட்டி, இவரையும் அப்படித்தான் நடத்தியிருக்கலாம் என்கிறார் ஹாண்ட்லர். உறவினர் புடைசூழ நடந்த அழகான ஆப்பிரிக்கச் சடங்கு என்று எல்லாவற்றையும் கற்பனை செய்துகொள்பவர்களுக்கு இந்தக் குழி நல்ல மருந்து. அந்தச் சமூகத்துக்குள்ளும் பயமும் வெறுப்பும் இருந்தன.

புதைகுழிக்கு வெளியேயும் இடம்தான் பேசுகிறது. மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சார்ல்ஸ் கரோலின் வீட்டுக் கீழ்த்தளத்தில், மார்க் லியோனின் குழுவினர் தரைக்கு அடியில் படிகக்கற்களும் துளையிட்ட வட்டுகளும் சேர்த்து வைத்து, மேலே ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்ததைக் கண்டார்கள். அந்த நகரில் இன்னும் சில வீடுகளிலும் இப்படி மறைத்து வைத்த பொருட்கள் கிடைத்தன: அறையின் வடகிழக்கு மூலை, அடுப்பங்கரை, வாசற்படி. பிற்பாடு, முன்பு அடிமையாக இருந்தவர்களிடம் எடுத்த பேட்டிகளிலும் இதே மாதிரி இடங்கள் வருகின்றன. கண்டபடி விழுந்த குப்பை ஒரே மாதிரி மூலைகளைத் தேடிப்போகாது.

படி 5: எதிர்க்கட்சி வக்கீலாக உட்காருங்கள்

இந்தப் படிதான் அதிகம் விட்டுப்போவது. ஒரு விளக்கம் பிடித்துப்போனால், உடனே அதைக் கவிழ்க்க என்ன வழி என்று தேடுங்கள்.

நியூயார்க்கின் 101ஆம் எண் குழி இதற்குப் பாடம். சவப்பெட்டி மூடியில் இரும்பு ஆணிகளால் இதய வடிவம் போல ஒரு கோலம் அடித்திருந்தது. அக்கான் மக்களின் சங்கோஃபா சின்னம் அது என்று அறிஞர்கள் சொன்னார்கள், அந்த மக்களுக்கு அது முன்னோரை நினைவூட்டும் சின்னம். இன்று நினைவிடத்தின் கல்லிலும் அது இருக்கிறது. 2010இல் எரிக் சீமன் என்ற வரலாற்றாசிரியர் கேள்வி எழுப்பினார்: அந்தக் காலத்து ஆங்கிலேய-அமெரிக்கச் சவப்பெட்டிகளிலும் ஆணியால் இதயம் அடிக்கும் வழக்கம் இருந்ததே? 18ஆம் நூற்றாண்டில் அக்கான் மக்களிடையே அந்தச் சின்னம் புழக்கத்தில் இருந்ததற்குச் சான்று எங்கே? இத்தகைய சின்னங்களை அச்சிட்ட அக்கான் துணிக்கு அடிங்க்ரா என்று பெயர்; இன்று வரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அடிங்க்ரா துணியே 1817இல் சேகரித்ததுதான்.

என் கருத்து: ஆணி அடித்தவர் மனதில் என்ன இருந்தது என்பதை இந்தச் சான்றுகளால் தீர்க்க முடியாது. ஆனால் இன்றைய சந்ததியினர் அதில் முன்னோரைக் காண்பது வேறு வகை உண்மை, அதை எழுத்தில் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் இரண்டுமே கெடும்.

ஃபிலடெல்ஃபியாவில் 1820களிலிருந்து 1841 வரை பயன்பட்ட ஒரு கறுப்பினத் திருச்சபை இடுகாட்டில், சிலரின் வயிற்றின்மேல் தட்டும், சிலரின் தலையருகே காசும், சில பெட்டிகளின் மேல் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. ஆப்பிரிக்க வழக்கம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரிட்டனின் சில பகுதிகளில் பிணத்தின்மேல் உப்புத் தட்டு வைப்பார்கள். ஆங்கிலேயர்கள் தீய சக்தியைத் தடுக்கச் சுவருக்குள்ளும் புகைபோக்கியிலும் பழைய செருப்பை ஒளித்துவைப்பார்கள், வளைந்த ஊசிகளைப் புட்டியில் அடைத்து அடுப்படியில் புதைப்பார்கள். மந்திரத்தில் நம்பிக்கை வைத்திருந்தது ஆப்பிரிக்கர்கள் மட்டும் என்று நினைத்தால் ஐரோப்பாவை நாம் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள்.

வர்ஜீனியாவில் அடிமைக் குடிசைகளின் தரையில் குழிகள் ஏராளம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பதப்படுத்தும் குழி என்றும், சொந்தப் பொருளை ஒளித்துவைக்கும் பெட்டி மாதிரி என்றும் சொல்வார்கள். பட்ரிசியா சாம்ஃபோர்ட் அவற்றில் சிலவற்றை இக்போ வழிபாட்டிடங்களாகப் பார்த்தார். சிப்பி, மாட்டெலும்பு, சுங்கான் ஆகியவற்றை அடுக்கி வைத்திருந்த ஒரு குழி அவர் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதற்காக எல்லாக் குழியும் கோயிலாகிவிடாது.

தென் கரோலினாவில் அடியில் பெருக்கல் குறி கீறிய மண் கிண்ணங்கள் நெல் வயல்களை ஒட்டிய ஆற்றுப்படுகைகளில் கிடைத்தன. வட்டத்துக்குள் சிலுவை போட்டு உலகையும் மறுவுலகையும் காட்டும் கொங்கோ வரைபடத்தோடு லேலண்ட் ஃபெர்குசன் அதை இணைத்தார். கொங்கோ மரபில் அந்தக் குறுக்குக்கோடு நீர், நீருக்கு அப்பால் இறந்தவர்கள். கிண்ணங்கள் நீருக்கடியில் கிடைத்ததால் வாதம் சுவையானது, தென் கரோலினாவில் கொங்கோ மக்கள் மிகுதி என்பதும் பொருந்துகிறது. ஆனால் இரண்டு கோடு கீற உலகில் எவருக்கும் தெரியும். நான் இதை 'இருக்கலாம்' என்ற வரிசையில்தான் வைப்பேன்.

படி 6: காகிதத்தையும் வாய்மொழியையும் சேர்த்துப் படியுங்கள்

நியூயார்க் நகர நிர்வாகம் 1722இல் அடிமைகளின் சவ அடக்கத்தை இரவில் நடத்தக் கூடாது என்றது. 1731இல் 12 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது. தடை போட வேண்டிய அளவுக்கு மக்கள் இரவில் பெருங்கூட்டமாகக் கூடியிருக்கிறார்கள் என்று இதைத் தலைகீழாகப் படிக்கலாம். எந்த எலும்பும் காட்டாத ஒன்றை ஒரு தடைச்சட்டம் காட்டுகிறது.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசு, அடிமையாக இருந்து விடுதலையான 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பேட்டி எடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் படிக்கலாம். ஓர் எச்சரிக்கை: கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், சொன்னவர்கள் அதற்கேற்ப வார்த்தையை அளந்துதான் பேசியிருப்பார்கள்.

மண்ணும் காகிதமும் வாய்மொழியும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு டல்லாஸ் நகரில் அடிமைத்தளையிலிருந்து விடுதலையானவர்களின் இடுகாடு நல்ல உதாரணம். 1869 முதல் 1907 வரை பயன்பட்டது. நெடுஞ்சாலையை அகலப்படுத்த 1990களின் தொடக்கத்தில் 1,100க்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டினார்கள். சிலரின் கணுக்காலருகிலும் கழுத்தருகிலும் துளையிட்ட காசுகள். ஜேம்ஸ் டேவிட்சன் அவற்றை வாய்மொழிப் பதிவுகளோடு ஒப்பிட்டார். பில்லிசூனியம் அண்டாமல் காலில் வெள்ளிக்காசு கட்டுவதை முதியவர்கள் பேட்டிகளில் சொல்லியிருந்தார்கள். உடம்பில் அது இருந்த இடமும், பேச்சும், காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்த அளவு உறுதி கிடைப்பது அபூர்வம்.

ஜார்ஜியா, தென் கரோலினாக் கடற்கரை ஊர்களின் இடுகாடுகளுக்குக் கண்ணே போதும். இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பை, விளக்கு, கடிகாரம், வெள்ளைச் சிப்பிகள் கல்லறைமேல் கிடக்கும், பாத்திரங்களை உடைத்தே வைப்பார்கள். குடும்பத்தில் அடுத்த சாவு தொடராமல் சங்கிலியை அறுக்க என்று சிலர் காரணம் சொல்லியிருக்கிறார்கள். நேரில் போக வாய்த்தால் ஒன்றையும் தொடாதீர்கள். குப்பை என்று நினைத்துத் துப்புரவு செய்தவர்களால் அழிந்த கல்லறைகள் பல.

படி 7: எலும்பு யாருடையது என்று கேளுங்கள்

1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் பூர்வகுடி மக்களின் எச்சங்களுக்குத்தான் பாதுகாப்பு தருகிறது, ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு அது பொருந்தாது. அவர்களின் இடுகாடுகளைக் காக்கத் தேசிய அளவில் நிதித் திட்டம் அமைக்கும் சட்டம் 2022 இறுதியில்தான் வந்தது. இடையில் எத்தனையோ இடுகாடுகள் வாகன நிறுத்தங்களுக்கு அடியில் போய்விட்டன. நியூயார்க்கில் பிளேக்கி செய்த மாற்றம் இதனால்தான் முக்கியம்: பணம் கொடுக்கும் அரசு ஒருபக்கம், அந்த மக்களின் சந்ததியினர் மறுபக்கம், எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் சந்ததியினர் சொல்லுக்கு எடை தந்தார். 2011இல் தொடங்கிய கறுப்பினத் தொல்லியலாளர் சங்கமும் இந்த வழியில்தான் போகிறது.

வாசகராக நீங்கள் செய்யக்கூடியது: எலும்புக்கூட்டுப் படங்களைச் சமூக ஊடகத்தில் பகிராதீர்கள். கட்டுரைக்குப் படம் தேவையென்றால் வரைபடமோ பொருளின் படமோ போதும். அடிமை என்று எழுதுவதைவிட அடிமைப்படுத்தப்பட்டவர் என்று எழுதலாம், வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

படி 8: எழுதிப் பாருங்கள்

ஒரு புதைகுழியை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் பத்தியில் கண்டதை மட்டும்: எண், நிலை, திசை, பொருள், அது கிடந்த இடம். இரண்டாவதில் யார் என்ன விளக்கம் சொன்னார்கள் என்பது. மூன்றாவதில் அதை எதிர்க்கும் விளக்கம். உங்கள் முடிவு கடைசியில், நான்கு வரியில். 'சடங்குப் பொருள்' என்ற சொல் முதல் பத்தியில் வந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

தொடங்குவதற்கு நியூயார்க்கின் 340ஆம் எண் குழி நல்லது. இடுப்பைச் சுற்றி மணிகளும் சோழிகளும் கோர்த்துக் கட்டிய ஒரு பெண், ராவிச் சீரமைத்த பற்கள். பற்களின் வடிவம் அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவராக இருக்கலாம் என்று காட்டுகிறது. இடுப்பு மணி மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடைக்கு அடியில் அணிவது. அதை மதச் சின்னம் என்பீர்களா, அணிகலன் என்பீர்களா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா? இந்தக் கேள்வியோடு எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும், மான்டிசெல்லோவிலிருந்து நடத்தப்படும் அடிமைமுறைத் தொல்லியல் தரவுத்தளத்துக்குப் போய், வர்ஜீனியாவிலும் கரீபியத் தீவுகளிலும் கண்ணாடி மணிகள் எந்தெந்த இடங்களில் எத்தனை கிடைத்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். உங்கள் மூன்றாவது பத்திக்கு வேண்டியது அங்கே இருக்கும்.